கால்பந்துப் படம் சேர்க்கும் கலை



ஓய்வு நேரத்தைப் பயனுள்ள முறையில் கழிக்க வேண்டும் என்று நம் ஆசிரியைகள் அடிக்கடி கூறுவார்கள். நம் பள்ளியிலே தபால்தலை சேர்ப்பவர்கள் உண்டு. பழைய நாணயம் சேர்ப்பவர்கள் உண்டு. தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர்களும் உண்டு. பத்தாம் வகுப்புத் தோழியர் ஐவராகிய நாங்கள் சேர்ப்பவையோ கால்பந்துப் படங்கள்.

"பெண் பிள்ளைகளுக்கு இது எதற்கு?" என்று எங்கள் வீடுகளில் கேட்டார்கள். "பரீட்சை நேரத்தில் படம் ஒட்டுகிறீர்களே!" என்று கடிந்துகொண்டவர்களும் உண்டு. அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆகவே இந்தப் பழக்கம் எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது, இதில் என்ன நன்மை, என்ன ஆபத்து என்பவற்றை நாங்கள் அறிந்த அளவில் இங்கே எடுத்துக் கூறுகிறோம்.

படம் பிறந்த கதை

எரியோட்டையும் வேடசந்தூரையும் சுற்றி வாழும் நமக்குப் புகையிலையைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வேடசந்தூரில் புகையிலைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. திண்டுக்கல் சுருட்டு ஒரு காலத்தில் கப்பலேறிச் சீமைக்குச் சென்ற சரக்கு. விளையாட்டு வீரர் படங்கள் பரவியதும் அந்தப் புகையிலையால்தான் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சிகரெட்டு மெல்லிய காகித உறையில் விற்கப்பட்டது. உள்ளே இருப்பது நசுங்காமலிருக்க ஒரு கெட்டி அட்டையைச் செருகினார்கள். வெற்று அட்டையாக இருப்பானேன் என்று அதில் படம் அச்சிட்டார்கள். கப்பல், பறவை, நடிகையர் என்று தொடங்கி, விளையாட்டு வீரர்களும் வந்தார்கள். அப்பா புகைத்துவிட்டு எறியும் உறைக்காகப் பிள்ளைகள் காத்துக் கிடந்தார்கள். நல்லதல்லாத ஒரு சரக்கை விற்க நல்ல படம் உதவியது என்பதை நாம் மறக்கலாகாது.

அதே காலத்தில், 1880களில், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் ஜான் பெயின்ஸ் என்பவர் புகையிலையின் துணையின்றியே கால்பந்துப் படங்களை விற்றார். அவை கேடய வடிவிலும் இதய வடிவிலும் வெட்டப்பட்ட வண்ண அட்டைகள். சிறுவர்கள் தங்கள் ஊர் அணியின் அட்டையைத் தேடித் தேடி வாங்கினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது காகிதத் தட்டுப்பாடு ஏற்பட்டதும், 1940இல் இங்கிலாந்தில் சிகரெட்டு அட்டைகள் நின்றுபோயின. படம் சேர்க்கும் ஆசை மட்டும் நிற்கவில்லை.

மோடெனா நகரத்துச் சகோதரர்கள்

இன்று உலகம் முழுவதும் கால்பந்துப் படம் என்றால் பானினி என்ற பெயரே நினைவுக்கு வருகிறது. இது ஒரு குடும்பத்தின் பெயர். இத்தாலி நாட்டு மோடெனா நகரில் ஓல்கா பானினி என்ற தாயார் 1945இல் ஒரு பத்திரிகைக் கடையை வாங்கிப் பிள்ளைகளோடு நடத்தி வந்தார். 1960இல் அவருடைய மக்கள், வேறொரு நிறுவனத்தில் விற்காமல் தேங்கிக் கிடந்த படங்களை வாங்கி, இரண்டிரண்டாக உறையிலிட்டு, உறை 10 லிரா என்று விற்றார்கள். 30 லட்சம் உறைகள் விற்றன! மறு ஆண்டு, 1961இல், ஜுசெப்பே பானினி தம் தம்பி பெனிட்டோவுடன் சேர்ந்து கால்பந்து வீரர்களின் படங்களைத் தாமே அச்சிடத் தொடங்கினார். பின்னர் உம்பர்த்தோ, ஃபிராங்கோ என்ற மற்ற இரு சகோதரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் அச்சிட்ட முதல் படம் இன்டர் மிலான் அணியின் புரூனோ போல்கி.

ஒரே உறையில் ஒரே படம் இருமுறை வரக்கூடாது. அதே சமயம் எல்லாப் படங்களும் நன்கு கலந்திருக்க வேண்டும். தொடக்கத்தில் படக்குவியலை மண்வெட்டியால் கிளறிக் கலந்தார்கள் என்பர். பிறகு இயந்திர அறிவு மிக்க உம்பர்த்தோ அதற்கென ஓர் இயந்திரமே செய்தார். முதலில் பசை தடவி ஒட்ட வேண்டிய படமாக இருந்தது, 1970களில் பின்தாளை உரித்து ஒட்டும் படமாக மாறியது.

1970ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக் கோப்பைக்குத்தான் முதன்முதலாகப் பானினி உலகக் கோப்பைத் தொகுப்பு வெளிவந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு உலகக் கோப்பைக்கும் ஒரு தொகுப்பு வருகிறது. ஜுசெப்பே பானினி வணிகர் மட்டுமல்லர். பழைய அச்சுப் படங்களைத் தாமே தேடிச் சேர்த்தவர். தம் பெருஞ்சேகரிப்பை 1992இல் மோடெனா நகருக்கே கொடையாக அளித்தார். சேர்ப்பவர் கடைசியில் கொடுப்பவராகவும் இருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பகடை சொன்ன கணக்கு

எங்களுக்கு இந்த ஆசை எப்படி வந்தது என்பதைக் கூற வேண்டும். 2022இல் கத்தாரில் உலகக் கோப்பை நடந்தபோது நாங்கள் ஏழாம் வகுப்பில் படித்தோம். எங்களுள் ஒருத்தியின் சித்தப்பா அங்கே வேலை பார்த்தார். விடுமுறையில் வந்தபோது ஒரு பானினி தொகுப்பும் 40 உறைகளும் கொண்டுவந்தார். தொகுப்பில் 670 படங்களுக்கு இடம்; உறைக்கு 5 படங்கள். மதிய உணவு இடைவேளையில் வேப்பமரத்தடியில் அமர்ந்து ஒவ்வோர் உறையாகப் பிரித்தோம். மொத்தம் 200 படங்கள். அவற்றுள் 171 வெவ்வேறானவை. 29 இரட்டைப் படங்கள். "ஆஹா, கால்வாசிக்கு மேல் முடிந்துவிட்டது! இன்னும் 100 உறை கிடைத்தால் முழுத் தொகுப்பும் முடிந்துவிடும்" என்று மகிழ்ந்தோம்.

அது எவ்வளவு பெரிய தவறு என்பதைப் பின்னர் பத்தாம் வகுப்பில் நிகழ்தகவுப் பாடம் படித்தபோதுதான் உணர்ந்தோம். நீங்களும் ஒரு பகடையை எடுத்துச் செய்து பாருங்கள். ஒன்று முதல் ஆறு வரை எல்லா எண்களும் ஒருமுறையாவது விழ எத்தனை தடவை உருட்ட வேண்டும்? ஆறு தடவை போதும் என்று தோன்றும். நாங்கள் ஐவரும் உருட்டினோம். ஒருத்திக்கு 9, மற்றவர்களுக்கு 11, 13, 17. ஐந்தாமவளுக்கோ 26 தடவை ஆயிற்று! சராசரி 15க்குச் சற்று மேல்.

காரணம் எளிது. முதல் உருட்டில் எது விழுந்தாலும் அது புதியதே. ஐந்து எண்கள் கிடைத்தபின் மீதி ஒன்றுதானே வேண்டும்? அது விழும் வாய்ப்பு ஆறில் ஒன்று. எனவே அந்த ஒன்றுக்காகவே சராசரியாக 6 தடவை உருட்ட வேண்டும். இப்படி ஒவ்வொன்றுக்கும் கணக்கிட்டுக் கூட்டினால் 14.7 வருகிறது.

இதே முறையில் 670 படங்களுக்கும் கணக்கு ஆசிரியையின் துணையோடு கணக்கிட்டோம். யாரோடும் மாற்றிக்கொள்ளாமல், உறை வாங்கியே தொகுப்பை முடிக்கச் சராசரியாக 4747 படங்கள், அதாவது ஏறத்தாழ 950 உறைகள் வேண்டும். பாதித் தொகுப்பை 93 உறைகளில் நிரப்பிவிடலாம். மற்றப் பாதிக்குத்தான் 850க்கும் மேற்பட்ட உறைகள். கடைசி ஒரே ஒரு படத்துக்கு மட்டும் 134 உறைகள்!

பெற்றோர்கள் இந்தப் பழக்கத்தைக் கண்டு அஞ்சுவது இதனால்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கும் எதுவும் கொஞ்சம் கொஞ்சமாக நம்மை இழுக்கும். "இன்னும் ஒன்றே ஒன்று" என்ற எண்ணம் மிகவும் பொல்லாதது.

ஆனால் இதே கணக்கு வேறொன்றையும் சொல்கிறது. என்னிடம் இரட்டையாக இருப்பது உன்னிடம் இல்லாததாக இருக்கலாம். பலர் கூடி மாற்றிக்கொண்டால் செலவு மிகவும் குறைந்துவிடும். தனியாகச் சேர்ப்பவள் ஏமாறுவாள். தோழியரோடு சேர்ப்பவள் வெல்வாள். எரியோட்டில் எங்களோடு மாற்றிக்கொள்ள வேறு யாரும் இல்லாததால் எங்கள் கத்தார் தொகுப்பு 171 படங்களோடு அப்படியே நின்றுவிட்டது.

நினைவுப்பொருள் என்பது யாது?

அட்டையும் ஒட்டுப்படமும் விற்பனைக்கென்றே அச்சிடப்படுபவை. ஆட்டத்திலிருந்தே பிறப்பவை நினைவுப்பொருள்கள். வீரர் அணிந்த சட்டை, நுழைவுச்சீட்டு, நடுவரின் சின்னம், மறுநாள் செய்தித்தாள் ஆகியவை இவ்வகை.

1986 ஜூன் 22 அன்று மெக்சிகோவில் அர்ஜென்டினா இங்கிலாந்தை 2-1 என்று வென்றது. மரடோனா கையால் தட்டி ஒரு கோலும், எதிரணியினரைக் கடந்து ஓடி உலகமே வியந்த மற்றொரு கோலும் அடித்த ஆட்டம் அது. ஆட்டம் முடிந்ததும் இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜ் மரடோனாவோடு சட்டையை மாற்றிக்கொண்டார். அந்த ஒரு சட்டை 2022 மே மாதம் இலண்டனில் 71 லட்சம் பவுனுக்கு மேல் ஏலம் போயிற்று. நம் பணத்தில் 60 கோடி ரூபாய்க்கும் அதிகம்! வியர்வை படிந்த ஒரு துணிக்கு இத்தனை மதிப்பா என்று கேட்கலாம். துணிக்கு அல்ல, அது அங்கே இருந்தது என்பதற்கே அந்த மதிப்பு.

விலை மதிக்க முடியாதது தொலைந்துபோவதும் உண்டு. உலகக் கோப்பையின் முதல் வெற்றிக் கிண்ணமாகிய ஜூல்ஸ் ரிமே கோப்பை 1966 மார்ச்சில் இலண்டனில் ஒரு தபால்தலைக் கண்காட்சியில் வைத்திருந்தபோது திருட்டுப் போயிற்று. ஒரு வாரத்தில் பிக்கிள்ஸ் என்ற நாய் அதை ஒரு வேலியோரத்தில் மோப்பம் பிடித்துக் கண்டெடுத்தது. கோப்பை செய்தித்தாளில் சுற்றிக் கிடந்தது! பின்னர் 1983 டிசம்பரில் பிரேசிலின் ரியோ நகரில் மறுபடியும் திருடப்பட்டது, அதன்பின் கிடைக்கவேயில்லை.

கத்தோலிக்கப் பிள்ளைகளாகிய நமக்கு இந்த உணர்வு புதியதன்று. நம் செபப்புத்தகத்தைத் திறந்தால் எத்தனை திருப்படங்கள்! புதுநன்மை வாங்கிய நாளில் கிடைத்தது, வேளாங்கண்ணியிலிருந்து அத்தை கொண்டுவந்தது, பாட்டி இறந்த நினைவு நாளில் அச்சிட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. புனிதர்கள் பயன்படுத்திய பொருள்களைத் திருப்பண்டம் என்று போற்றிக் காப்பதையும் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். விளையாட்டு வீரர்கள் புனிதர்கள் ஆகமாட்டார்கள். எனினும், "படம் வணங்குவதற்கு அல்ல, நினைப்பூட்டுவதற்கு" என்று எங்கள் சகோதரி சொல்வது இரண்டுக்கும் பொருந்தும்.

காலஞ்சென்ற திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களே சிறுவயது முதல் ஒரு கால்பந்து அன்பர்தாம். அர்ஜென்டினாவின் சான் லொரென்சோ கழகத்தின் உறுப்பினர் அட்டை அவரிடம் இருந்தது. 1946இல் கோப்பை வென்ற அந்த அணியின் வீரர் பெயர்களை முதுமையிலும் வரிசையாகச் சொல்வார். அந்தக் கழகம் 1908இல் பிறந்ததற்கு லொரென்சோ மாசா என்ற சலேசியக் குருவானவரே காரணம். டிராம் ஓடும் தெருவில் சிறுவர்கள் ஆபத்தோடு ஆடுவதைக் கண்டு, ஞாயிறு திருப்பலிக்கு வர வேண்டும் என்ற நிபந்தனையோடு ஆலய முற்றத்தை ஆடத் தந்தார் அவர்.

சகோதரி கேட்ட கேள்வி

கத்தார் தொகுப்பை ஒரு நாள் சகோதரி ஒருவர் பார்த்துவிட்டார். பறிமுதல் ஆகிவிடும் என்று அஞ்சினோம். அவர் பொறுமையாகப் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இதில் நம் நாட்டார் ஒருவராவது இருக்கிறாரா? பெண் ஒருத்தியாவது இருக்கிறாளா?" என்று கேட்டார். நாங்கள் விழித்தோம். 32 நாடுகளில் இந்தியா இல்லை. ஆண்கள் உலகக் கோப்பையாதலால் பெண்களும் இல்லை. "அப்படியானால் நீங்கள் யாரை நினைத்துக்கொள்ளப் போகிறீர்கள்?" என்று கேட்டுப் புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை வடைப் பொட்டலத்தில் வந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கையில், எங்களுள் ஒருத்தியின் தாத்தா கடைவீதியிலிருந்து வடை வாங்கி வந்தார். வடையைத் தின்றுவிட்டுத் தாளைக் கசக்கும்போது அதில் ஒரு படம். பெண்கள் அணியொன்று கோப்பையோடு நிற்கிறது. படத்தின் கீழே "தமிழ்நாடு" என்ற சொல்லும் சில பெயர்களும் இருந்தன. மீதிப் பெயர்கள் கிழிபட்ட பாகத்தோடு போய்விட்டன.

விசாரித்தபோது தெரிந்தது: 2023 ஜூன் மாதம் அமிர்தசரசில் நடந்த தேசிய பெண்கள் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தமிழ்நாடு அரியானாவை 2-1 என்று வென்றிருக்கிறது. இந்தியாவிலேயே முதலிடம்! கத்தாரில் யார் யார் ஆடினார்கள் என்று ஒப்பிக்கத் தெரிந்த எங்களுக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ளும் முன்பே அந்தச் செய்தி வடை மடிக்கும் தாளாகிவிட்டது. நாங்கள் வெட்கப்பட்டோம்.

அந்தப் பொட்டலத் தாள்தான் எங்கள் சொந்தத் தொகுப்பின் முதல் படம்.

எங்கள் தொகுப்பில் இருப்பவர்கள்

பானினி நிறுவனமே பெண்கள் உலகக் கோப்பைக்கு 2011இல்தான் முதன்முதலாகத் தொகுப்பு வெளியிட்டது. நமக்கு யார் வெளியிடுவார்கள்? எனவே 200 பக்க நோட்டு ஒன்றை வாங்கி நாங்களே தொடங்கினோம். அதில் உள்ளவற்றுள் சிலவற்றை மட்டும் கூறுகிறோம்.

முதல் பக்கம் நம் திண்டுக்கல்லுக்கு உரியது. திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி அவர்கள் 2016ஆம் ஆண்டுக்கான பன்னாட்டு நடுவர் பட்டியலில் இடம்பெற்றார். தமிழ்நாட்டிலிருந்து இத்தகுதி பெற்ற முதல் பெண்மணி அவரே. பன்னாட்டு நடுவர்கள் மார்பில் அணியும் சின்னத்தில் அந்தந்த ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். ஆண்டுதோறும் தகுதியைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அவருக்கு எதிர்ப்பக்கத்தில் பிரெஞ்சு நாட்டு ஸ்டெபனி ஃபிராப்பார் அவர்களின் படத்தை ஒட்டியிருக்கிறோம். 2022 டிசம்பர் 1 அன்று கோஸ்டாரிகா, ஜெர்மனி ஆட்டத்தை நடத்தி, ஆண்கள் உலகக் கோப்பை ஆட்டத்துக்கு நடுவராக இருந்த முதல் பெண்மணி ஆனவர் அவர். அப்படியானால் கத்தார் உலகக் கோப்பையிலும் ஒரு பெண் இருந்திருக்கிறார்! எங்கள் ஒட்டுப்படப் புத்தகம்தான் அவரைக் காட்டவில்லை.

அடுத்தது கடலூர்ப் பக்கம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அடித்தபின், அரசு இல்லத்தில் தங்கிய சிறுமியர்க்குப் பயிற்சியாளர் மாரியப்பன் அவர்கள் கால்பந்து கற்றுத் தந்தார். அவரிடம் பயின்றவர்கள் மாநில அணிக்கும் இந்திய அணிக்கும் உயர்ந்தார்கள். கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடிய நடுக்கள வீராங்கனை. காவல் துறையில் துணை ஆய்வாளராகப் பணியாற்றியவர். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது சென்னைத் தெருக்களில் காவல் பணி ஆற்றினார். சீருடையிலும் விளையாட்டு உடையிலும் அவருடைய இரண்டு படங்களை அருகருகே ஒட்டியிருக்கிறோம்.

பிறகு வெற்றிகளின் பக்கங்கள். 2018 பிப்ரவரியில் கட்டாக் நகரில், பலமுறை பட்டம் வென்ற மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தித் தமிழ்நாட்டுப் பெண்கள் முதன்முறையாகத் தேசியக் கோப்பையைப் பெற்றார்கள். 2019 மே மாதம் லூதியானாவில் மதுரையின் சேது கால்பந்துக் கழகம் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக் பட்டம் பெற்றது. அந்த அணியின் பயிற்சியாளர் அமிர்தா அரவிந்த் அவர்களும் ஒரு பெண்மணியே. 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள்.

தோல்விக்கும் ஒரு பக்கம் உண்டு. 2022 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தது. இந்தியா ஆடிய மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. அமெரிக்காவிடம் 8-0. அதை ஒட்டலாமா வேண்டாமா என்று எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. ஒட்டினோம். ஏறக்குறைய எங்கள் வயதுப் பெண்கள் அவர்கள். தோற்ற நாளிலும் களத்தில் நின்றவர்களை விட்டுவிட்டால் அது தொகுப்பு ஆகாது என்று முடிவு செய்தோம்.

கடைசியில் தபால்தலைகள். இந்தியா இதுவரை ஆண்கள் உலகக் கோப்பையில் ஆடியதில்லை. ஆயினும் 1986, 2014, 2018 ஆகிய ஆண்டுகளில் நம் அஞ்சல் துறை உலகக் கோப்பைக்குத் தபால்தலை வெளியிட்டது. 1911இல் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலேயப் படை அணியை வென்ற மோகன் பகான் கழகத்துக்கு 1989இல் தபால்தலை வந்தது. தபால்தலை சேர்க்கும் 6 முதல் 9 வரை வகுப்புத் தங்கையர்க்கு ஒரு செய்தி: 2017இல் அஞ்சல் துறை தொடங்கிய ஸ்பர்ஷ் திட்டத்தில் தேர்வு பெறுவோர்க்கு ஆண்டுக்கு 6000 ரூபாய் உதவித்தொகை உண்டு. தலைமை அஞ்சலகத்தில் விசாரித்துப் பாருங்கள்.

பாதுகாக்கும் முறை

சேர்ப்பதைவிடக் காப்பது கடினம். செய்தித்தாள் மரக்கூழால் ஆனது. அதிலுள்ள லிக்னின் என்னும் பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டால் தாளைப் பழுப்பாக்கி, நாளடைவில் உதிரச் செய்துவிடும். எனவே தொகுப்பை மூடிய பெட்டியில், ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும்.

முழுத்தாளுக்கும் பசை தடவுதல் தவறு. ஒளிபுகும் ஒட்டு நாடாவும் தவறு. சில ஆண்டுகளில் மஞ்சள் கறை விட்டுவிடும். நான்கு மூலைகளுக்கும் சிறு காகித முக்கோணம் செய்து, அவற்றில் படத்தைச் செருகுவதே நல்லது. வேண்டும்போது எடுக்கவும் முடியும்.

எண்ணெய்க் கறை பட்ட தாளை முகப் பவுடருக்கு நடுவே இரண்டு நாள் வைத்து, மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டோம். கறை முழுவதும் போகவில்லை, பாதி குறைந்தது. இராமபாணமும் கரையானும் அண்டாதிருக்க, ஓலைச்சுவடிகளைக் காத்த நம் முன்னோர் முறைப்படி உலர்ந்த வேப்பிலையும் வசம்பும் பெட்டியில் வைக்கிறோம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. எந்தப் பத்திரிகை, எந்தத் தேதி, யார் யார் என்பதை அன்றைக்கே பென்சிலால் எழுதிவிட வேண்டும். பெயர் இல்லாத படம் பாதிப் படம்தான்.

எங்கள் விதிகள்

முதல் விதி: வீட்டில் தரும் காசை உறைகளுக்குச் செலவழிப்பதில்லை. இரண்டாவது: ஒன்றுக்கு ஒன்று என்றே மாற்றிக்கொள்வோம், சிறியவர்களிடம் ஏமாற்றிப் பெறுவதில்லை. மூன்றாவது: நூலகத் தாளை வெட்டுவதில்லை. இவ்விதி எப்படி வந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். ஒருமுறை நூலகச் செய்தித்தாளில் படத்தை வெட்டிவிட்டோம். அதன் பின்பக்கத்தில் ஓர் அக்கா தேடிக்கொண்டிருந்த நுழைவுத்தேர்வு அறிவிப்பு இருந்தது. ஒரு வாரம் நூலக அலமாரிகளைத் துடைத்து அதற்கு ஈடு செய்தோம். இப்போது மாதக் கடைசியில், பழைய பேப்பர்காரருக்குப் போடும் முன்பு, அனுமதி பெற்றே வெட்டுகிறோம். நான்காவது: பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பே பெட்டியைப் பூட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிடுவோம்.

முடிவுரை

தோழியரே, பெரியோர்களே! தூர தேசத்து வீரர்களின் படங்களை அச்சிட்டு விற்கப் பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்களை உலகம் மறக்காது. நம் ஊர்ப் பெண்ணின் படத்தை நாம் வெட்டி வைக்காவிட்டால் அது பொட்டலமாகிவிடும்.

உங்கள் அம்மாவோ அத்தையோ பள்ளி நாளில் பந்து ஆடியிருக்கலாம்; ஓடியிருக்கலாம்; மாவட்ட அளவில் பரிசும் வாங்கியிருக்கலாம். வீட்டு டிரங்குப் பெட்டியில் அந்தப் படம் கிடக்கிறதா என்று இந்தக் கோடை விடுமுறையில் தேடிப் பாருங்கள். கிடைத்தால் அவர்கள் அருகில் அமர்ந்து, இவர் யார், அவர் யார் என்று கேட்டு, பின்புறத்தில் பெயர்களை எழுதுங்கள். அதற்கு ஒரு காசும் செலவில்லை.

எங்கள் முதல் பக்கத்துக்கு முன்னே தனித்தாளில் அந்த வடைப் பொட்டலப் படம் இருக்கிறது. அதிலுள்ள முகங்களுள் பலவற்றுக்குப் பெயர் கண்டுபிடித்து எழுதிவிட்டோம். இரண்டு முகங்களுக்குக் கீழே மட்டும் இன்னும் கோடு போட்டு வைத்திருக்கிறோம். அந்த அக்காமார் யாரென்று உங்களுள் யாருக்கேனும் தெரிந்தால் பத்தாம் வகுப்பு அறைக்கு வந்து சொல்லுங்கள். நாங்கள் தேர்வு எழுதிச் சென்றபின் அந்த நோட்டை நூலகத்தில் ஒப்படைத்துவிடுவோம். அடுத்து வரும் தங்கையர் அதைத் தொடர்ந்து நிரப்புவார்களாக!



(பத்தாம் வகுப்பு மாணவி)